டைப் 1 சர்க்கரை வந்த பிள்ளையின் பல்லும் ஈறும்: புதிதாகத் தொடங்கும் பெற்றோருக்கு

பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை என்று தெரிந்த புதிதில் வீட்டில் எல்லாமே மாறிப்போகும். ஊசி போடப் பழக வேண்டும், விரலில் குத்திச் சுகர் பார்க்க வேண்டும், இரண்டு இட்லிக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் பார்க்க வேண்டும், ராத்திரி எழுந்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கண், சிறுநீரகம், பாதம் என்று பின்னாளில் கவனிக்க வேண்டியதையெல்லாம் டாக்டர் சொல்லிவிடுவார். பல், ஈறு பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் வருவதே இல்லை. ஈறு வீங்கி, பிரஷ்ஷில் ரத்தம் தெரிந்த பிறகுதான் வரும். டைப் 1 பிள்ளையை வளர்க்கும் அம்மாவாக, முதல் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வந்துவிட்டது, இனி பல்லெல்லாம் சொத்தையாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். சுகர் கட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு, மிட்டாயும் குளிர்பானமும் குறைந்துவிடுவதால், சில சமயம் மற்ற பிள்ளைகளைவிடச் சொத்தை குறைவாகவே இருப்பதுண்டு. நம் பிள்ளைகளுக்கு நிஜமான கவலை ஈறு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பார்க்கப்போகிறோம்.

சுகருக்கும் ஈறுக்கும் என்ன தொடர்பு?

ரத்தத்தில் சுகர் நெடுநேரம் ஏறியே இருந்தால் வாயில் மூன்று காரியங்கள் நடக்கும். சிறுநீர் அடிக்கடி போய் உடம்பில் நீர் வற்றும், அதனால் எச்சில் குறையும். எச்சில்தான் பல்லைக் கழுவிக்கொண்டே இருப்பது, அமிலத்தை மட்டுப்படுத்துவதும் அதுதான். இரண்டாவது, எச்சிலிலும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கசியும் நீரிலும் சர்க்கரை கூடும். கிருமிக்கு அதுவே தீனி. மூன்றாவது, கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். ஆகவே, மற்ற பிள்ளைகளுக்கு லேசான சிவப்போடு நின்றுபோகும் ஈறு அழற்சி, சுகர் ஏறியிருக்கும் பிள்ளைக்குச் சீக்கிரம் வீக்கமாகி, ஆறவும் நாளாகும்.

இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஈற்றில் சீழ் வைத்தால், எந்தத் தொற்றையும் போல அதுவும் சுகரை ஏற்றும். நேற்றுவரை சரியாக இருந்த அதே டோஸ், அதே சாப்பாடு, ஆனால் காரணமே தெரியாமல் எண்கள் ஏறுகின்றன என்றால் காய்ச்சல், சளி, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றோடு வாயையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 1993-லேயே எழுதினார். அவர் எழுதி இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேராதது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதல் படி: பல் டாக்டரிடம் ஒரு அறிமுகம்

நோய் தெரிந்து, வீடு திரும்பி, சுகர் ஓரளவு நிலைப்பட்டதும் பல் டாக்டரைப் போய்ப் பாருங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவராக இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால், பிள்ளையிடம் பொறுமையாகப் பேசும், நீங்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் எந்தப் பல் டாக்டரும் போதும். சென்னையில் இருப்பவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அரசுப் பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைகளை 2013 முதல் நடந்துவரும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் மருத்துவக் குழு வந்து பார்க்கும்போது பல்லையும் பார்க்கிறார்கள். அன்று பிள்ளைக்கு டைப் 1 இருப்பதை ஆசிரியர் மூலமாகச் சொல்லிவையுங்கள்.

முதல் முறை போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். என்ன இன்சுலின், எந்தெந்த நேரம், கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு, சுகர் இறங்கினால் பிள்ளை எப்படி இருப்பான், சர்க்கரை டாக்டரின் போன் நம்பர், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறானா என்று அதில் எழுதுங்கள். "சுகர் இருக்கு டாக்டர்" என்று மட்டும் சொன்னால், வயதானவர்களுக்கு மாத்திரையில் நிற்கும் டைப் 2 என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. "டைப் 1, இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஈற்றில் ரத்தம் வருகிறது, சுகர் கட்டுக்குள் வரவில்லை என்றால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். ஆறு வயதில், பால் பல் வரிசைக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் அது புதிதாக வருவதால் பால் பல் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆயுசுக்கும் வேண்டிய பல் அது. அதன் பள்ளங்களில் சொத்தை விழாமல் பூசும் சீலன்ட் பற்றியும், பல்லுக்கு உறுதி தரும் ஃபுளோரைடு வார்னிஷ் பற்றியும் கேளுங்கள். இரண்டும் வலியில்லாத, சில நிமிட வேலை.

இரண்டாம் படி: ராத்திரி முதலில் மீட்டர், அப்புறம் பிரஷ்

காலையில் பல் தேய்ப்பது நம் வீடுகளில் யாரும் சொல்லாமலே நடக்கும். ராத்திரிதான் விட்டுப்போகும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைவதால், பல்லில் ஒட்டியது அப்படியே கிடந்து வேலையைக் காட்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நாளில்கூட ராத்திரி தேய்ப்பதை விடாதீர்கள்.

டைப் 1 பிள்ளைக்கு இதில் ஒரு வரிசை முக்கியம். பல் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டு, அப்புறம் சுகர் பார்த்தால், 80 என்று காட்டும், உடனே பாலோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டிவரும், தேய்த்தது வீண். பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையை மறுபடி எழுப்பித் தேய்க்கச் சொன்னால் அழுகைதான். அதனால் முதலில் சுகர் பாருங்கள். ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள். ராத்திரி இன்சுலின் இருந்தால் போடுங்கள். கடைசியாகப் பல் தேய்த்துவிட்டால் அதன் பிறகு தண்ணீர் மட்டும். ஊசியும் பிரஷ்ஷும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் சில வாரத்தில் பிள்ளையே ஞாபகப்படுத்துவான்.

ஏழெட்டு வயது வரை பிள்ளைக்குத் தானாகச் சரியாகத் தேய்க்க வராது. அவன் ஒருமுறை தேய்க்கட்டும், அதன்பின் நீங்கள் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். எதிரே நின்று செய்வதைவிடப் பின்னால் நின்று செய்வது சுலபம். பிள்ளையின் தலை உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கட்டும். இடது கை விரலால் உதட்டை மெல்ல ஒதுக்குங்கள். பிரஷ்ஷின் மயிர் பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படுமாறு சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் நகர்த்துங்கள். ஈறு ஓரத்தில்தான் அழுக்குப் படலம் தங்கும். ரத்தம் வரும் இடமும் அதுவே. கீழ்க் கடைவாய்ப் பல்லின் உள்பக்கம், அதாவது நாக்குப் பக்கம், எல்லோருக்கும் விட்டுப்போகும் இடம். அங்கிருந்தே தொடங்கிவிடுவது நல்லது. மொத்தம் இரண்டு நிமிடம். மென்மையான மயிருள்ள சின்னத் தலை பிரஷ் வாங்குங்கள். மயிர் விரிந்துவிட்டாலோ மூன்று மாதம் ஆனாலோ மாற்றிவிடுங்கள்.

பல்லும் பல்லும் ஒட்டி நிற்கும் இடத்தில் பிரஷ் நுழையாது. அங்கே பல் இடுக்கு நூல், அதாவது ஃபிளாஸ், வேண்டும். கைப்பிடியோடு வருவது பிள்ளைகளுக்கு வசதி. தினமும் முடியாவிட்டாலும் வாரத்தில் சில ராத்திரியாவது செய்யுங்கள்.

பேஸ்ட் பற்றி

ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் வேண்டும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பிபிஎம் என்று ஒரு எண் இருக்கும். 1000 அளவில் இருந்தால் நல்லது. குழந்தைகளுக்கு என்று படம் போட்டு விற்கும் பேஸ்ட் சிலவற்றில் 500-தான் இருக்கும், சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டியதில்லை. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், சொம்பு சொம்பாக நீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடு எல்லாம் போய்விடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இன்னமும் போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீடாக இருந்தால், பேஸ்ட் எது, எவ்வளவு என்பதைப் பல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பல்லில் ஏற்கெனவே பழுப்புத் திட்டு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

கரித்தூள், செங்கல் பொடி, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று பாட்டி சொல்வார். ஆனால் பிள்ளையின் ஈற்றில் குச்சி கீறிப் புண்ணானால் நம் பிள்ளைக்கு அது ஆற நாளாகும். பாட்டி மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்லிவிடலாம். வாய் கொப்பளிக்கும் மருந்து, அதிலும் குளோர்ஹெக்ஸிடின் உள்ளது, டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாட்களுக்கு மட்டும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் கறை ஏறும்.

மூன்றாம் படி: வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில். மேல் உதட்டைத் தூக்கி, கீழ் உதட்டை இறக்கிப் பாருங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு ஈறு இயல்பிலேயே பழுப்பும் கருப்பும் கலந்துதான் இருக்கும், அது நோய் இல்லை. நிறத்தைவிட வடிவத்தைக் கவனியுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு கூராக, முக்கோணமாக, பல்லோடு படிந்து இருந்தால் நலம். அந்தக் கூர் மழுங்கி, உப்பி, பளபளவென்று சிவந்து நின்றால் அழற்சி தொடங்கிவிட்டது.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா? பால் பல் ஆடும் இடத்திலும் புதுப்பல் முளைக்கும் இடத்திலும் கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு. பல இடங்களில் வருகிறது, நன்றாகத் தேய்த்தும் ஒரு வாரம், பத்து நாளில் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவது பலர் செய்வது. அழுக்குத் தங்கி இன்னும் வீங்குவதுதான் மிச்சம்.

அப்படியே நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், உதட்டோரம் எல்லாவற்றையும் பாருங்கள். தயிர் படிந்தது போல வெள்ளைப் படலம், துடைத்தால் வந்துவிடுகிறது, அடியில் சிவந்திருக்கிறது என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சுகர் ஏறியிருக்கும் நாட்களில் இது வரும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கும் பிள்ளைக்கு இன்னும் எளிதாக வரும். இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். உதட்டோர வெடிப்பு, காய்ந்த உதடு, சோற்றை விழுங்கத் தண்ணீர் கேட்பது, பிசுபிசுப்பான எச்சில் எல்லாம் வாய் வறட்சியின் அடையாளங்கள். தண்ணீர் பாட்டில் எப்போதும் கூடவே இருக்கட்டும். வகுப்பில் நடுவே தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் அனுமதி வேண்டும் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வாய் நாற்றத்திலும் ஒரு வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். அழுக்கால், சொத்தையால் வரும் வாடை வேறு. பழுத்த பழம் போல, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் போல ஒரு இனிப்பு வாடை வந்தால், அது ரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) சேர்வதைக் காட்டலாம். சுகர் ஏறியிருக்கிறது, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாக ஆழமாக வாங்குகிறது என்றால் பல் டாக்டரிடம் அல்ல, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாடை மட்டும் என்றாலும் உடனே சுகரும் கீட்டோனும் பார்த்துச் சர்க்கரை டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

சுகர் இறங்கும்போது பல்லை நினைக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், பிள்ளை நடுங்கினால், வியர்த்தால், முதல் வேலை குளுக்கோஸ். பல் கெட்டுவிடுமே என்று ஒரு நொடிகூடத் தயங்கக்கூடாது. எவ்வளவு கொடுப்பது என்பதை உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். பொதுவாக எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்று கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 50 கிலோ இருந்தால் 15 கிராம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 4, 5 கிராம் வரும். கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிய நிலையிலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சுகரை ஏற்றும் குளுகாகான் ஊசி வைத்திருந்தால் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு.

பல்லைக் காப்பாற்றுவது அதற்குப் பிறகு. எதைக் கொடுக்கிறோம் என்பதில் கொஞ்சம் யோசிக்கலாம். குளுக்கோஸ் பொடியோ சர்க்கரைக் கரைசலோ வேகமாக வேலை செய்யும், பல்லிலிருந்தும் சீக்கிரம் போய்விடும். சப்பிக்கொண்டே இருக்கும் மிட்டாயும், பல்லில் ஒட்டும் டாஃபியும் இரண்டு வகையிலும் மோசம். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சுகர் ஏறத் தாமதமாகும். பள்ளிப் பையில் மிட்டாய்க்குப் பதில் ஒரு வேளை அளவுக்குக் கட்டிய குளுக்கோஸ் பொட்டலங்களை வையுங்கள். சுகர் ஏறி, பிள்ளை தெளிவானதும் நாலு மடக்குத் தண்ணீர் குடித்து, வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஜூஸ் குடித்திருந்தால் உடனே பல் தேய்க்க வேண்டாம், அமிலத்தில் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும். அரை மணி நேரம் போகட்டும்.

நடுராத்திரி 2 மணிக்கு இறங்கினால்? கொடுங்கள், மறுபடி பாருங்கள், விழித்திருந்தால் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தையாக இருந்தால் ஈரத் துணியால் பல்லைத் துடைத்துவிடுங்கள். அசந்து தூங்கினால் விட்டுவிடுங்கள், ஒரு ராத்திரியில் பல் கெடாது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி இப்படி ஆகிறது என்றால் அது டோஸைச் சரிசெய்ய வேண்டிய விஷயம். சர்க்கரை டாக்டரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள். இன்சுலின் சரியானால் ராத்திரி இனிப்பும் நிற்கும், பல்லும் பிழைக்கும்.

சாப்பாட்டில் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. சுண்டல், வேர்க்கடலை, மோர், வெள்ளரிக்காய், வேகவைத்த முட்டை எல்லாம் சுகருக்கும் பல்லுக்கும் நல்லவை. பிஸ்கட்டும் சிப்ஸும் பல் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். இனிப்பாக இல்லாததால் பலர் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருப்பதைவிட, இன்சுலினுக்கு ஏற்ற நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடுவது நல்லது.

நான்காம் படி: பல் சிகிச்சை நாள்

சொத்தை அடைப்பதோ பல் பிடுங்குவதோ இருந்தால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். தடுமாற்றம் வருவது இங்கேதான்.

காலை நேரமாக வாங்குங்கள். வழக்கமான இன்சுலின், வழக்கமான டிபன், அப்புறம் கிளம்பலாம். வெறும் வயிற்றோடு போகக்கூடாது. உங்கள் பிள்ளைக்கு எந்த இன்சுலின் எப்போது உச்சத்துக்கு வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பலருக்கும் கொடுக்கும் ரெகுலர் இன்சுலின், போட்டு 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். 8 மணிக்குப் போட்டிருந்தால் 10, 11 மணிக்குப் பிள்ளை பல் நாற்காலியில் இருக்கும்போது சுகர் இறங்கலாம். பள்ளியில் அந்த நேரத்துக்குச் சிற்றுண்டி கொடுப்பீர்களே, அதை இங்கேயும் மறக்கக்கூடாது. உள்ளே போகுமுன் சுகர் பாருங்கள். மீட்டர், ஸ்டிரிப், குளுக்கோஸ், சிற்றுண்டி, தண்ணீர் எல்லாம் பையில் இருக்கட்டும். 70-க்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரிசெய்த பிறகுதான் சிகிச்சை. மிக ஏறியிருந்தால், அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. பயத்தாலும் சுகர் ஏறும் என்பதால் கீட்டோன் பார்த்துவிட்டு டாக்டர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாற்காலியில் பிள்ளை வெளிறிப்போய், வியர்த்து, நடுங்கினால் எல்லோரும் பயத்தில் என்றுதான் நினைப்பார்கள். சுகர் இறங்குவதும் அப்படியேதான் இருக்கும். நீங்கள் பக்கத்தில் இருந்து, "டாக்டர், ஒரு நிமிஷம், சுகர் பார்த்துவிடுகிறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மரத்துப்போகும் ஊசி போட்டால் உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டால் உதட்டைத் தெரியாமல் கடித்துக்கொள்வார்கள், நம் பிள்ளைக்கு அந்தப் புண் தொல்லை. இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது: மதிய இன்சுலினை வழக்கம்போலப் போட்டுவிட்டு, பிள்ளை வலியால் சாப்பிட மறுத்தால் சுகர் விழும். மரப்பு போய், தட்டில் சோறு வைத்து, சாப்பிடுவான் என்று உறுதியான பிறகு சாப்பாட்டு இன்சுலினைப் போடலாமா என்று சர்க்கரை டாக்டரிடம் முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அதற்காக இன்சுலினை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. சாப்பிடாவிட்டாலும் அடிப்படை இன்சுலின் வேண்டும். மெல்ல முடியாத நாளில் குழைந்த ரசம் சாதம், மோர் சாதம் கொடுக்கலாம். கஞ்சி என்றால் சுகரைச் சீக்கிரம் ஏற்றும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும் என்றால் பட்டினி இருக்க வேண்டிவரும். அதைச் சின்னக் கிளினிக்கில் ஒப்புக்கொள்ளாதீர்கள். சர்க்கரை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் இருவரும் உள்ள மருத்துவமனையில், அன்றைய முதல் ஆளாக வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

வலிக்குப் பெரும்பாலும் பாரசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. சிரப்பில் சர்க்கரை உண்டா, இல்லாத வகை கிடைக்குமா என்று மருந்துக் கடையில் கேளுங்கள். உடம்பில் ஒட்டிச் சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சார் போட்டிருந்தால், சில வகைகளில் பாரசிட்டமால் எண்ணைத் தப்பாகக் காட்டும்; அன்று விரலில் குத்திப் பார்ப்பதையே நம்புங்கள். ஸ்டீராய்டு மருந்து எழுதினால், சுகரை ஏற்றும் என்பதால், சர்க்கரை டாக்டருக்குத் தெரிவித்த பிறகே கொடுங்கள். பல் பிடுங்கிய இடம் ஆறுகிறதா என்று சில நாளில் திரும்பக் காட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கன்னம் வீங்கி கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவுகிறது, வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, காய்ச்சல் அடிக்கிறது என்றால் மறுநாள் காலை வரை பொறுக்காதீர்கள். ராத்திரியானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவிப் பார்க்கலாம் என்று தோன்றும். சின்னப் பிள்ளையின் ஈற்றில் அது எரிந்து புண்ணாக்கிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு டாக்டரைப் பாருங்கள். பல் தொற்று இருக்கும் நாட்களில் காய்ச்சல் நாட்களுக்கு உள்ள விதிதான்: இன்சுலினை நிறுத்தாமல், 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர், கூடவே கீட்டோன், நிறையத் தண்ணீர்.

வளர்ந்த பிறகு

வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன் மாற்றத்தால் எல்லாப் பிள்ளைகளுக்குமே ஈறு கொஞ்சம் உப்பும். அதே பருவத்தில்தான் இன்சுலின் தேவையும் ஏறும், பெற்றோர் சொல்வதைக் கேட்கும் பொறுமையும் குறையும். பல் வரிசைக்குக் கிளிப் போட ஆசைப்படுவார்கள். சுகரும் ஈறும் நல்ல நிலையில் இருந்தால் தாராளமாகப் போடலாம். கம்பிக்கு அடியில் தேய்க்கச் சின்ன பிரஷ் தனியாக வாங்கிக் கொடுங்கள், சுத்தம் செய்ய டாக்டரிடம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். எச்பிஏ1சி எகிறி, ஈற்றில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது தொடங்க வேண்டாம். புகை பிடிப்பது சர்க்கரை உள்ளவரின் ஈற்றுக்கு எவ்வளவு கெடுதல் என்பதை, யாராவது நீட்டும் முன்பே, வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

சுகர் எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தைப் பல்லுக்கு ஒதுக்கினால், பல் டாக்டரிடம் போன தேதி, ஈறு எப்படி இருந்தது என்று சொன்னார், அந்த மாத எச்பிஏ1சி எவ்வளவு என்று எழுதிவரலாம். சர்க்கரை டாக்டரிடம் போகும்போது அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டுங்கள். பதினாலு, பதினைந்து வயதானதும் அதை எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். பல் டாக்டரிடம் நேரம் வாங்கும் போனையும் அவனோ அவளோ பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.